அரை இட்லியில் அடங்கிய பசி!

மாம்பலத்தில் ஒரு கல்யாணம். காலை டிபன் பந்தி. பக்கத்து இலையில் நம் நண்பர்.

ஐந்து வருஷத்துக்கு முன்பு வரை இவர் பந்தியில் உட்கார்ந்தால், பரிமாறுகிறவர்கள் தங்களுக்குள் ஜாடை காட்டிக்கொள்வார்கள். இட்லி எட்டு, வடை நாலு, பொங்கல் இரண்டு ரவுண்டு, கேசரி 'கொஞ்சம் தாராளமா'. எடை 128 கிலோ. ஆட்டோக்காரர்கள் மீட்டரைப் பார்ப்பதற்கு முன்னால் இவரைத்தான் பார்ப்பார்கள்.

அன்றைக்கு இலையில் ஒரே ஒரு இட்லி. அதிலும் பாதியைப் பிட்டு, சாம்பாரில் நனைத்து, நிதானமாக மென்று முடித்துவிட்டுக் கையை மடக்கிக்கொண்டார். பரிமாறுகிறவருக்குக் கவலை வந்துவிட்டது.

"என்ன சார், அப்படியே வெச்சிட்டீங்க? சாம்பார் சரியில்லையா?"

"சாம்பார் பிரமாதம்ப்பா. பசிதான் இல்லை."

"இவ்வளவு நேரமாச்சே... பசி எங்கே சார் போச்சு?"

"ஆஸ்பத்திரியிலே விட்டுட்டு வந்துட்டேன்!"

பந்தி முழுக்கச் சிரிப்பு. ஆனால் நண்பர் சொன்னது ஜோக் இல்லை, ஏறக்குறைய நிஜம். எடை குறைப்பதற்காக அவர் செய்துகொண்ட ஆபரேஷனில், டாக்டர்கள் வெட்டி எடுத்த துண்டோடு அவருடைய பசியின் பெரும்பகுதியும் போய்விட்டது!

எப்படி? அதைத் தெரிந்துகொள்ள வயிற்றுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். டிபன் சாப்பிட்டுக்கொண்டே இதைப் படிப்பவர்கள், முடித்துவிட்டு வந்து தொடரலாம். அவசரமில்லை!

சுவருக்குள் ஒரு தொழிற்சாலை

"ஒண்ணுமில்லீங்க, இரைப்பையைச் சின்னதாக்கிடறாங்க. நாலு வாய் சாப்பிட்டதும் ரொம்பிடும். அதான் இளைக்கிறாங்க."

எடை குறைப்பு ஆபரேஷன் பற்றிப் பலபேர் வைத்திருக்கும் விளக்கம் இதுதான். பையைச் சின்னதாகத் தைத்தால் கொஞ்சம்தான் பிடிக்கும் என்கிற டெய்லர் கணக்கு. இது பாதி உண்மை. மீதிப் பாதி, அந்தப் பையின் உள்சுவரில் இருக்கிறது.

இரைப்பையின் உள்சுவர் என்பது வெறும் தோல் இல்லை. கண்ணுக்குத் தெரியாத லட்சோபலட்சம் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் வேலை பிரித்துக்கொண்ட செல்கள்.

மேல்வரிசையில் இருப்பவை, வழவழவென்று ஒரு சளிப்பூச்சைச் சுரக்கிற செல்கள். வயிற்று அமிலம் வயிற்றையே அரித்துவிடாமல் காப்பாற்றுவது இந்தப் பூச்சுதான். இந்த செல்களுக்கு ஆயுசு சில நாட்கள் மட்டுமே. உதிர்ந்துகொண்டே இருக்கும், புதிது முளைத்துக்கொண்டே இருக்கும். போன தீபாவளிக்கு மைசூர்பாகு தின்ற வயிற்றுத்தோல் இன்றைக்கு உங்களிடம் இல்லை!

அதற்குக் கீழே அமிலம் காய்ச்சுகிறவர்கள். பரைட்டல் செல்கள் என்று பெயர். ஹைட்ரோகுளோரிக் அமிலம் இவர்கள் தயாரிப்பு. சத்தமில்லாமல் இன்னொரு சரக்கும் தயாரிக்கிறார்கள். அது என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன். கதையின் திருப்பமே அதில்தான்.

அடுத்து, புரதத்தை உடைக்கிற பெப்ஸினுக்கு மூலப்பொருள் தருகிறவர்கள். கீழ்க்கோடியில், 'சாப்பாடு வந்தாச்சு, அமிலத்தைத் திறந்து விடு' என்று ரத்தத்தின் வழியே தகவல் அனுப்புகிற செல்கள்.

கடைசியாக, இரைப்பையின் மேல் முகட்டில் நெருக்கியடித்துக்கொண்டு ஒரு கூட்டம். இவர்களுக்கு அமிலத்தோடு சம்பந்தமில்லை, ஜீரணத்தோடும் நேரடிப் பேச்சு இல்லை. வேளை தவறினால் மூளைக்குக் குரல் கொடுப்பதுதான் வேலை: 'பசிக்குது... பசிக்குது...'

ஓட்டை வழியே ஒரு பார்வை

இந்தத் தொழிற்சாலை நடக்கும்போதே அதை நேரில் பார்த்து எழுதிய ஒரு டாக்டர் உண்டு. பெயர் வில்லியம் போமான்ட். அமெரிக்க ராணுவ மருத்துவர்.

1822-ஆம் வருஷம், ஜூன் 6. மிச்சிகன் பகுதியில் மாக்கினாக் தீவு. தோல் வியாபாரக் கம்பெனியின் கடையில் தற்செயலாக ஒரு துப்பாக்கி வெடித்தது. குண்டு பாய்ந்தது அலெக்ஸிஸ் ஸேன் மார்ட்டேன் என்ற கனடாக்காரப் படகுத் தொழிலாளியின் வயிற்றில். பிழைக்கமாட்டார் என்றார்கள். பிழைத்துவிட்டார். ஆனால் இரைப்பையில் விழுந்த ஓட்டை கடைசிவரை மூடவே இல்லை!

போமான்ட்டுக்கு அது ஜன்னலாகத் தெரிந்தது. இறைச்சித் துண்டு, ரொட்டி, முட்டைக்கோஸ் என்று பட்டு நூலில் கட்டி ஓட்டை வழியே இறக்குவார்; மணிக்கணக்குப் பார்த்து வெளியே இழுப்பார். எது எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்று குறிப்பு எழுதுவார். உள்சுவரின் நிறத்தையும் பார்த்தார். அலெக்ஸிஸுக்குக் கோபம் வந்தால் ஜீரணம் கெடுவதையும் கவனித்தார். (கோபம் வராமல் இருக்குமா? வயிற்றில் நூல் விட்டு இழுத்தால்!) 1833-ல் எல்லாவற்றையும் புத்தகமாகப் போட்டார்.

அலெக்ஸிஸ் 1880 வரை வாழ்ந்தார். செத்த பிறகும் டாக்டர்கள் விடமாட்டார்கள் என்று பயந்து, உடல் நன்றாக அழுகும்வரை வைத்திருந்து ஆழமாகக் குழிதோண்டிப் புதைத்தது அவர் குடும்பம்.

ஜீரணத்தைப் பார்த்தாகிவிட்டது. பசி எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் பிடிபடவில்லை. அதற்கு இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

அல்சருக்கு வெட்டினால் எடை குறைகிறதே!

1960-கள். அல்சருக்கு நல்ல மாத்திரை இல்லாத காலம். இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டி எடுப்பதுதான் வைத்தியம். அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேஸன் என்ற சர்ஜன் ஒன்றைக் கவனித்தார். இப்படி வெட்டிக்கொண்டவர்கள் இளைக்கிறார்கள். பிறகு எடை போடவும் சிரமப்படுகிறார்கள்.

'அப்படியானால் இளைப்பதற்காகவே இதைச் செய்தால் என்ன?' என்று தோன்றியது. 1966-ல் சிகாஷி இட்டோ என்ற சகாவோடு சேர்ந்து செய்தும் பார்த்தார். எடை குறைப்புக்கான பைபாஸ் ஆபரேஷன் பிறந்தது அப்படித்தான். மேஸன் நூறு வயது வாழ்ந்து 2020-ல் மறைந்தார்.

பைபாஸில் இரைப்பையின் உச்சியில் ஒரு முட்டை அளவுக்குச் சின்னப் பையை மட்டும் பிரித்து, அதை நேரே குடலோடு இணைத்துவிடுவார்கள். மீதி இரைப்பையை வெளியே எடுப்பதில்லை. உள்ளேயே இருக்கும், சாப்பாடு மட்டும் அந்தப் பக்கம் போகாது.

இன்னொன்று ஸ்லீவ். நம் நண்பர் செய்துகொண்டது இது. சட்டைக்கை மாதிரி நீளக் குழாயாக ஒரு பகுதியை விட்டுவிட்டு, முக்கால் பாகத்துக்கு மேல் இரைப்பையை ஸ்டேப்ளர் போட்டு வெட்டி வெளியே எடுத்துவிடுவார்கள். இது தனி ஆபரேஷனாக ஆனதே ஒரு தற்செயல். மிகவும் பருமனானவர்களுக்குப் பெரிய ஆபரேஷனை ஒரே மூச்சில் செய்தால் ஆபத்து என்று, 2000-ஐ ஒட்டி மிஷேல் கான்யே போன்ற சர்ஜன்கள் இரண்டு தவணையாகப் பிரித்தார்கள். முதல் தவணை ஸ்லீவ். அதிலேயே பலர் போதுமான அளவுக்கு இளைத்துவிட்டார்கள்! 'இரண்டாவது எதற்கு?' என்று ஆகிவிட்டது.

பையைச் சின்னதாக்கினால் வயிறு சீக்கிரம் நிரம்பும், சரி. ஆனால் ஆபரேஷன் ஆனவர்கள் விசித்திரமாக ஒன்று சொன்னார்கள். "சீக்கிரம் ரொம்பிடுது டாக்டர், அது புரியுது. ஆனா பசியே எடுக்கலையே, அது ஏன்?"

மூளையில் தேடினார்கள், வயிற்றில் கிடைத்தது!

1999. ஜப்பான். மசயாசு கோஜிமா, கெஞ்சி கங்காவா என்ற விஞ்ஞானிகளும் அவர்கள் குழுவும் ஒரு ஹார்மோனைத் தேடிக்கொண்டிருந்தார்கள். வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டிவிடுகிற சங்கதி அது. மூளையில்தான் இருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். கடைசியில் கிடைத்த இடம் இரைப்பை. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடின கதைதான்!

க்ரெலின் என்று பெயர் வைத்தார்கள். விரைவிலேயே இன்னொரு குட்டும் வெளிப்பட்டது. ரத்தத்தில் க்ரெலின் ஏறினால் பசிக்கிறது. சாப்பாட்டு வேளைக்கு முன் ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். மேல் முகட்டில் குரல் கொடுக்கும் செல்கள் என்றேனே, அவர்கள் கையில் இருக்கும் மைக் இதுதான்.

2002-ல் அமெரிக்காவில் டேவிட் கம்மிங்ஸ் குழு ஒரு சோதனை செய்தது. குண்டானவர்கள் சிலர் டயட் இருந்து எடையில் 17 சதவீதம் குறைத்தார்கள். அவர்கள் ரத்தத்தில் க்ரெலின் என்ன ஆயிற்று தெரியுமா? 24 சதவீதம் அதிகமானது!

இதைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். பட்டினி கிடந்து இளைக்கிறவரை, அவருடைய வயிற்றுச்சுவர் முன்னைவிட அதிகமாகக் கத்தி சாப்பிடச் சொல்கிறது. நாமோ, "வாயைக் கட்டத் துப்பில்லை, நாலே மாசத்துல பழையபடி ஊதிட்டான் பார்" என்று கல்யாண வீட்டில் கமென்ட் அடிக்கிறோம். நம் நண்பர் ஆபரேஷனுக்கு முன் ஏழு தடவை டயட் இருந்தவர். ஏழு தடவையும் தோற்றார். தன்னை ஒரு கையாலாகாதவன் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

அதே சோதனையில் பைபாஸ் செய்துகொண்டவர்கள் ஐந்து பேர். இவர்களும் இளைத்தவர்கள்தான். ஆனால் க்ரெலின், சாதாரண எடை உள்ளவர்களைவிட 77 சதவீதம் குறைவு. வேளைக்கு வேளை ஏறி இறங்கும் அலையும் இல்லை. மைக்கைப் பிடுங்கிவிட்டது போல் அமைதி!

பைபாஸ் விஷயத்தில் பிற்பாடு வந்த ஆராய்ச்சிகள் எல்லாம் இப்படி ஒரே குரலில் பேசவில்லை. ஸ்லீவில் மட்டும் சந்தேகமில்லை. அந்த மேல் முகட்டையே வெட்டி எடுத்துவிடுவதால் க்ரெலின் சரிகிறது. நண்பர் 'ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்த' பசி அதுதான்.

க்ரெலின் ஒன்றே காரணமா? அதுவும் இல்லை. பிறவியிலேயே க்ரெலின் இல்லாத எலிகளுக்கு ஸ்லீவ் செய்து பார்த்தார்கள். 2013-ல் முடிவு வந்தது. அவையும் இளைத்தன! சாப்பாடு வேகமாகக் குடலுக்குள் பாய்வதால், குடல்சுவரில் உள்ள வேறு செல்கள் 'போதும், நிறுத்து' என்ற சமிக்ஞைகளை அதிகம் அனுப்புகின்றன. ஜி.எல்.பி-1 என்பது அதில் ஒன்று. இப்போது எடை குறைக்க வாரத்துக்கு ஒரு ஊசி போடுகிறார்களே, அந்த மருந்து இதைப் பார்த்துச் செய்த காப்பிதான்.

ஒரு டாக்டர் கக்கிய மாட்டிறைச்சி

இதுவரை லாபக் கணக்கு. இனி நஷ்டக் கணக்கு.

நண்பர் ஒன்றரை வருஷத்தில் 128-லிருந்து 81 கிலோவுக்கு வந்தார். சர்க்கரை மாத்திரை நின்றது. ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த சத்து மாத்திரைகளையும், "நல்லாத்தானே இருக்கேன்" என்று தாமாகவே நிறுத்திவிட்டார். செக்-அப்புக்கும் போகவில்லை.

மூன்றாவது வருஷம் பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. ஒருநாள் கோயிலிலிருந்து திரும்பும்போது அவர் மனைவி பதறினார்:

"ஏங்க, ஒரு கால் செருப்பு எங்கே? கழண்டு விழுந்ததுகூடத் தெரியாம நடந்து வர்றீங்களே!"

காரணம் புரிய வேண்டுமானால் 1920-களின் பாஸ்டன் நகரத்துக்குப் போகவேண்டும். அப்போது ஒருவகை ரத்தசோகை ஆட்களைக் கொன்றுகொண்டிருந்தது. வில்லியம் காஸில் என்ற டாக்டர் ஒரு யோசனை செய்தார். அரைகுறையாக வேகவைத்த மாட்டிறைச்சிக் கொத்துக்கறியைத் தாமே சாப்பிட்டார். ஒரு மணி நேரம் கழித்துத் தொண்டையில் விரல் விட்டுக் கக்கினார். அதைப் பக்குவப்படுத்தி, குழாய் வழியாக நோயாளிகளுக்குச் செலுத்தினார். (முன்பே எச்சரித்தேன், டிபனை முடித்துவிட்டு வாருங்கள் என்று!)

நோயாளிகள் தேறினார்கள்! அதே இறைச்சியை நேரடியாகக் கொடுத்தபோது தேறவில்லை. ஆக, நல்ல இரைப்பை ஏதோ ஒரு பொருளைச் சுரந்து சேர்க்கிறது. அது இல்லாவிட்டால் சத்து உடம்பில் ஒட்டாது. 1929-ல் அறிவித்தார். இறைச்சியில் இருந்த சத்து வைட்டமின் பி12 என்பது 1948-ல் தெரிந்தது.

இரைப்பை சேர்க்கும் அந்தப் பொருள்தான், பரைட்டல் செல்கள் சத்தமில்லாமல் தயாரிக்கும் இரண்டாவது சரக்கு. இதைக் கைப்பிடித்துக்கொண்டால்தான் பி12 குடலின் கடைசிப் பகுதியில் உள்ளே நுழைய முடியும். ஸ்லீவில் இந்த செல்களில் பெரும்பகுதி வெட்டுப்பட்டுப் போகிறது. பைபாஸில் அவை உள்ளே இருந்தாலும் சாப்பாடு அவற்றைத் தொடாமல் போகிறது.

வில்லங்கம் உடனே தெரியாது. கல்லீரல் ஒரு சிக்கனக்காரப் பாட்டி. டப்பாவுக்குள் டப்பாவாக பி12-ஐ வருஷக்கணக்குக்குச் சேர்த்து வைத்திருக்கும். அது தீர்ந்த பிறகுதான் ரத்தசோகை, மறதி, கால் மரமரப்பு. பி12 இறைச்சி, மீன், முட்டை, பாலில்தான் உண்டு. காய்கறியில் கிடையாது. நம் நண்பரோ சுத்த சைவம். கையிருப்பே குறைவு!

ஊசி போட்டு மெல்ல மெல்லத் தேறினார். இடது பாதத்தில் மட்டும் கொஞ்சம் மரமரப்பு இன்னும் போகவில்லை. நரம்பு ரொம்ப நாள் பட்டினி கிடந்தால் சிலசமயம் முழுசாகத் திரும்பாது.

அமிலம் குறைவதால் இரும்புச் சத்தும் சரியாக ஏறாது. கால்சியத்திலும் சிட்ரேட் வகையை டாக்டர்கள் விரும்புவதற்கு, அது கரைய அமிலத்தை நம்பியில்லை என்பதே காரணம்.

வேஷம் மாறும் செல்கள்

இன்னொரு விஷயமும் உண்டு. செல்களுக்கு இடம் ஒத்துக்கொள்ளாவிட்டால் அவை வேஷத்தை மாற்றிக்கொள்ளும்.

ஸ்லீவ் குழாய் குறுகல். உள்ளே அழுத்தம் அதிகம். அதனால் சிலருக்கு அமிலம் மேல்நோக்கி உணவுக்குழாய்க்குள் ஏறும், நெஞ்சைக் கரிக்கும். வருஷக்கணக்கில் இப்படிச் சுடப்பட்டால், உணவுக்குழாயின் அடிப்பகுதிச் செல்கள் உதிர்ந்து, அங்கே குடல் செல்களைப் போன்றவை முளைக்கும். 'பாரெட்' மாற்றம் என்று பெயர். நார்மன் பாரெட் என்ற ஆங்கில சர்ஜனின் பெயரால் வந்தது. பெரும்பாலோருக்கு இது அத்தோடு நிற்கும். மிகச் சிலருக்குப் புற்றுநோய்க்கு வழிவிடும். அதனால்தான் கண்காணிப்பு.

பைபாஸில் கதை வேறு. பூட்டிய அறை மாதிரி ஒதுக்கிவைக்கப்பட்ட பழைய இரைப்பை, உள்ளே உயிரோடுதான் இருக்கிறது. சாப்பாடு வராது. ஆனால் கீழேயிருந்து பித்தநீர் ஏறி வரலாம். சாதாரண எண்டோஸ்கோப் அங்கே எட்டாது. ஜப்பானியரான ஹிரோனோரி யமமோட்டோ கண்டுபிடித்த இரட்டை பலூன் கருவி வந்த பிறகு, பிரேசிலின் சாவோ பாவ்லோ டாக்டர்கள் அந்த அறைக்குள் நுழைந்து பார்த்தார்கள். பலருக்கு உள்சுவர் சிவந்து அழற்சி கண்டிருந்தது. சிலருக்குச் சுவர் மெலிந்திருந்தது; சில இடங்களில் இரைப்பை செல்கள் குடல் செல்களாக வேஷம் மாறியிருந்தன. அங்கே புற்றுநோய் வருவது அபூர்வம். இருந்தாலும், பூட்டுவதற்கு முன்பே அறையைச் சோதித்துவிடுவது புத்திசாலித்தனம். ஆபரேஷனுக்கு முன் எண்டோஸ்கோபி செய்து, ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமி இருந்தால் மருந்து கொடுத்து விரட்டுவது இதற்காகவும்தான். (அந்தக் கிருமியை 1984-ல் தாமே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டியவர் பாரி மார்ஷல். 2005-ல் நோபல் பரிசு!)

ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் மறக்கக்கூடாதவை சில:

● சத்து மாத்திரைகள் ஆயுசுக்கும். வருஷா வருஷம் ரத்தப் பரிசோதனை.

● ஒரு வருஷம் கழித்து ஒரு எண்டோஸ்கோபி. ஸ்லீவ் ஆனவர்களுக்கு அதன்பின் 2, 3 வருஷத்துக்கு ஒருமுறை. நெஞ்சு கரிக்காவிட்டாலும்தான்!

● மூட்டுவலி, தலைவலி மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கி விழுங்காதீர்கள். பைபாஸ் ஆனவர்களுக்கு இணைப்பு போட்ட இடத்தில் புண் வரும். புகை பிடித்தால் இன்னும் மோசம்.

● மதுவைக் கொஞ்சம் உடைத்துத் தள்ளும் என்ஸைம் இரைப்பைச் சுவரிலும் உண்டு. அந்தச் சுவர் குறைந்து, சரக்கும் வேகமாகக் குடலுக்குள் இறங்குவதால், பழைய அளவு இப்போது முன்னைவிட அதிகமாக வேலை செய்யும். வேண்டாமே!

● விடாமல் வாந்தி எடுத்தால் 'சரியாயிடும்' என்று காத்திருக்காதீர்கள். பி1 வைட்டமின் தீர்ந்து மூளையைப் பாதிக்கும்.

பந்தி முடிந்து கை கழுவிக்கொண்டு வந்தோம். நண்பரின் மனைவி கைப்பையிலிருந்து குட்டி டப்பாவை நீட்டினார். "ஏங்க, மாத்திரை."

"அஞ்சு வருஷம் ஆச்சு, இன்னுமா சார் மாத்திரை?" என்றேன் சும்மா சீண்டுவதற்காக.

நண்பர் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, வயிற்றை லேசாகத் தட்டினார்.

"உள்ளே முக்கால்வாசிப் பேரை வேலையை விட்டு அனுப்பியாச்சு சார். மிச்சம் இருக்கிற கொஞ்சம் பேர்தான் எல்லாத்தையும் இழுத்துக்கட்டிட்டிருக்காங்க. அவங்களுக்குக் கூலியை நிறுத்தினா என்ன ஆகும்னு ஒரு தடவை பார்த்துட்டேன். போதும்!"

சொல்லிவிட்டு, இடது பாதத்தைப் பார்த்துப் பார்த்துச் செருப்பில் நுழைத்துக்கொண்டார்.